சீலாவுக்கு இரண்டு துளி பெற்றோல்!

“எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவள்... உனக்கு என்னடி தெரியும்?”

பதினான்கு வருடங்களுக்கு முன்னால் யோகலிங்கம் மாஸ்ரர் கேட்ட கேள்வி அது. முள்ளியவளையில், அவருடைய வீட்டுப் படலையடியில், ஊரே பார்த்துக்கொண்டிருக்கக் கேட்டார்.

ஜெயரூபினிக்கு அப்போது பதினைந்து வயது. “எங்கட அப்பா உங்கட காணிக்க குழி வெட்டித் தாட்டு வச்ச கார் எங்கை?” என்று கேட்கத்தான் போயிருந்தாள்.

“அதிலை ஷெல் விழுந்து எரிஞ்சு போச்சு” என்றார் மாஸ்ரர்.

“குழி மூடினபடிதானே கிடக்கு... எப்பிடி எரியும்?”

அதற்குத்தான் அந்தக் கேள்வி!

அவள் திரும்பி நடந்தாள். பதினான்கு வருடமாக அந்தக் கேள்வி மட்டும் துருப்பிடிக்காமல் அப்படியே நெஞ்சுக்குள் கிடந்தது.

இன்றைக்கு அவளுக்கு இருபத்தொன்பது. ஓமந்தையில், ஏ-9 வீதியோரம் சொந்தக் கராஜ். “ஓமந்தை ரூபி” என்றால் வவுனியாவில் லொறிக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஆள் அதிகம் கதைக்க மாட்டாள். எஞ்சின்கள் அவளோடு கதைக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. நெல் ஏற்றும் லொறி ஒன்றின் கீழே மல்லாந்து கிடந்தாள்.

கைபேசி அலறியது!

“அனிஸ்ரன்ர அக்காவோ கதைக்கிறது?”

“ஓம்... நீங்கள் ஆர்?”

“எஸ்.ஐ. பிரதீபன். முள்ளியவளைப் பொலிஸ். உங்கட தம்பியை இஞ்சை பிடிச்சு வச்சிருக்கிறம்.”

“என்னத்துக்கு?”

“கொலை!”

கையிலிருந்த ஸ்பனர் நழுவி அவள் நெற்றியில் விழுந்தது. வலிக்கவில்லை.

பொலிஸ் நிலையம். எஸ்.ஐ. பிரதீபனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நித்திரை இல்லாத கண்கள். மேசையில் ஆறிப்போன தேத்தண்ணி.

“செத்தவன் சஜீவன். மண் தோண்டுற பெக்கோ மெசின் ஓட்டுறவன். யோகலிங்கம் மாஸ்ரற்ற காணிக்க, இரண்டு மாசத்துக்கு முந்தி உங்கட அப்பாவின்ர காரைத் தோண்டி எடுத்த குழிக்க குப்புறக் கிடந்தவன். பின்மண்டையில இரும்பு அலவாங்கால அடி. நேற்றுப் பின்னேரம் அஞ்சுக்கும் ஏழுக்கும் இடையில.”

“அதுக்கு என்ர தம்பி என்ன செய்தவன்?”

“ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக் கடையில சஜீவன்ர சட்டையைப் பிடிச்சவன். ‘எங்கட அப்பாவின்ர காரைக் கள்ளனுக்குத் தோண்டிக் குடுத்தனி... உன்னையும் அந்தக் குழிக்கையே தாட்டுப்போடுவன் பார்!’ எண்டு கத்தியிருக்கிறான். இருபது பேர் சாட்சி.”

“வாயால சொன்னவன் சேர். கையால செய்ய மாட்டான்.”

“எல்லாக் கொலைகாரனும் முதல் வாயாலதான் சொல்லுறான், தங்கச்சி!”

கம்பிகளுக்குப் பின்னால் அனிஸ்ரன் நின்றான். உதடு வீங்கியிருந்தது.

“அக்கா... சத்தியமா நான் இல்லை!”

“தெரியும். வாயை மூடிக்கொண்டு நில். உன்ர வாய்தான் உன்னை உள்ளுக்க போட்டது!”

ஆத்திரம் அவளுக்குத் தலைக்கேறியது. அப்பா இன்னாசித்தம்பியின் காரையும் எடுத்தார்கள். இப்போது அப்பாவின் மகனையும் எடுக்கிறார்கள்!

“சேர், செத்தவன்ர சட்டைப் பையில என்ன இருந்தது?”

“ஏன்?”

“சொல்லுங்கோ.”

“ஒரு லைட்டர். ஒரு வெத்திலைச் சரை. ஒரு கைபேசி... சேத்துத் தண்ணிக்க ஊறிச் செத்துப் போச்சு.”

“பித்தளைக் குழாய் ஒண்டு?”

“இல்லையே!”

ஜெயரூபினி தன் கைபேசியை மேசையில் வைத்தாள்.

“நேற்றுப் பின்னேரம் நாலு நாப்பதுக்கு சஜீவன் எனக்கு அனுப்பினவன். பாருங்கோ.”

ஒரு படம். விரித்த உள்ளங்கை. மோதிர விரலில் பாதி இல்லை. அந்த உள்ளங்கையில் சின்ன விரலளவு பித்தளைக் குழாய் ஒன்று... திறந்து மூடும் திருகோடு. அதன் பக்கத்தில் அரத்தால் கீறிய சிலுவை. சிலுவையின் ஒரு கை மட்டும் கட்டை.

படத்துக்குக் கீழே சஜீவனின் குரல்!

“அக்கா, இது உங்கட அப்பாவின்ர வேலைதானே? காரைத் தோண்டேக்க நான் கழட்டி எடுத்து வச்சது. உங்கட தம்பி என்ர சட்டையைப் பிடிச்சதில பிழை இல்லை அக்கா. நாளைக்கு விடியக் கராஜுக்குக் கொண்டாறன். இன்னும் ஒரு விசயமும் சொல்லவேணும்...”

விடிந்தது. சஜீவன் வரவில்லை.

எஸ்.ஐ. அந்தக் குரலை இரண்டு தரம் போட்டுக் கேட்டார். விரல் பாதி இல்லாத கையைக் காலையில்தான் அவரும் பார்த்திருந்தார்.

“அப்ப இந்தக் குழாய் இப்ப எங்கை?”

“கொண்டவனிட்ட.”

“அவன் ஆரெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? வீடு வீடாத் தேடுறதோ? தூக்கிக் கிணத்துக்க போட்டிருப்பான்!”

“போட்டிருக்க மாட்டான். ஒண்டையும் வீசுற ஆளில்லை அவர். ஒரு கட்டைப் பென்சிலைக்கூட எறிய மாட்டார்.”

“ஆர்?”

அவள் பெயர் சொல்லவில்லை.

“மூண்டு மணிக்கு அந்தக் காரைச் சோதிக்க என்னை வரச்சொல்லியிருக்கினம். வாங்குறவர் கனடா ரஜிதன். நீங்களும் வாங்கோ சேர். ஒண்டும் கதைக்க வேண்டாம். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு காதை மட்டும் தீட்டி வச்சிருங்கோ. குழாயை அவரே கொண்டுவந்து உங்கட கண்ணுக்கு முன்னால தருவார்!”

“விசரோ உனக்கு?”

“இருக்கும். பதினாலு வருசமா.”

மாஸ்ரரின் காணி. பின்பக்கம் பொலிஸ் நாடா கட்டிய குழி. முன்பக்கம் தகரக் கொட்டில்.

படலைக்கு வெளியே சஜீவனின் மனைவி கௌசலா நிலத்தில் இருந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய குரல் அந்தக் காணி முழுக்கக் கேட்டது.

கொட்டிலுக்குள் நின்றது கார்.

ஜெயரூபினியின் கால் ஒரு கணம் நடக்க மறந்தது.

பிளிமத் பரகூடா. எழுபதாம் ஆண்டு. அகன்ற மூக்கு, நீண்ட உடம்பு, இரண்டே கதவுகள். ஒரு காலத்தில் செம்மஞ்சளாக இருந்தது. இப்போது பாதி துரு.

ஒரு அமெரிக்க எஞ்சினியர் இலங்கையில் விட்டுவிட்டுப் போன கார். மீன் லொறி ஓட்டி உழைத்த காசில் இன்னாசித்தம்பி வாங்கினார். ‘பரகூடா எண்டால் எங்கட சீலா மீன்தானே!’ என்று யாரோ சொல்ல, முல்லைத்தீவுக் கரையில் அதற்குச் சீலா என்றே பெயர். ஊரில் பாதிப் பொம்பிளை மாப்பிள்ளை அதில்தான் ஊர்வலம் போனார்கள். மிச்சப் பாதிப் பேர் பிள்ளைப்பேற்றுக்கு அதில்தான் ஆஸ்பத்திரி போனார்கள்.

இரண்டாயிரத்து எட்டில், போரில் இடம்பெயர்ந்தபோது இந்தக் காணியில்தான் அதைத் தாட்டார். வாகனத்தை, தையல் மெசினை, பித்தளைப் பாத்திரத்தை எல்லோரும் தாட்ட காலம். கிரீஸ் பூசி, படங்குத் துணி சுற்றி, “மாஸ்ரர், வந்து எடுக்கிறன்” என்றார்.

அவர் வரவேயில்லை. போரின் கடைசியில் மாத்தளன் கடற்கரை மணலோடு சரி.

“இவளோ?” யோகலிங்கம் மாஸ்ரர் வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாக நின்றார். அறுபத்தாறு வயது. உருண்டு திரண்ட தோள். “காரைச் சோதிக்க இவளையோ கூப்பிட்டனீர்? இவள் எட்டாம் வகுப்பு! இவளுக்கு என்ன தெரியும்?”

“மாஸ்ரர், ரிலாக்ஸ்!” ரஜிதன் கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றினான். கழுத்தில் சங்கிலி. கையில் பெரிய கைபேசி. “வவுனியாவில நான் கேட்ட ஆக்கள் எல்லாரும் ஓமந்தை ரூபி எண்டுதான் சொன்னவை. எனக்கு ஒரு மெக்கானிக்கின்ர கையெழுத்து வேணும். அவ்வளவுதான்.”

“கார் என்ரை! இன்னாசி எனக்கு வித்தவர். கடிதம் இருக்கு!”

“நான் கார் ஆற்றை எண்டு பார்க்க வரேல்லை மாஸ்ரர்” என்றாள் ஜெயரூபினி. குரல் நடுங்கவில்லை. அவளுக்கே அது ஆச்சரியம்! “கார் எது எண்டு பார்க்க வந்தனான்.”

எஸ்.ஐ. பிரதீபன் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார்.

“சேர், உங்கட விசாரணை முடிஞ்சுதுதானே?” மாஸ்ரர் சிரித்தார். “கொலைகாரனைத்தான் பிடிச்சிட்டியளே!”

“ஓம் ஓம். வெய்யில் தணியட்டும், போறன். உங்கட வீட்டுத் தேத்தண்ணி நல்லாயிருக்கு மாஸ்ரர்.”

ரஜிதன் கைபேசியைத் தட்டினான். “அக்கா, முதல் நம்பர் பாருங்கோ. கண்ணாடிக்குக் கீழ ஒரு தகடு இருக்கும். அதில அஞ்சாவது எழுத்து இங்கிலிஸ் ‘ஆர்’ எண்டு இருக்கவேணும். ஆர் எண்டால் ஹெமி எஞ்சின். அந்த வருசம் முழு உலகத்துக்கும் அறுநூற்றிச் சொச்சம்தான் செய்தவங்கள்!”

அவள் ரோச் லைற் அடித்தாள். பழைய துணியை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தகட்டைத் துடைத்தாள்.

“அஞ்சாவது எழுத்து ஆர்.”

“யெஸ்! தகடு கழட்டி அடிச்சதோ?”

“இல்லை. ஆணியடியில ஒரே துரு. எழுபதில அடிச்சபடிதான் இருக்கு.”

“அடுத்தது எஞ்சின். அதிலை வெட்டியிருக்கிற நம்பரும் இந்தத் தகட்டு நம்பரும் பொருந்தவேணும். எஞ்சின் மாறியிருந்தா எனக்குக் கார் வேண்டாம். பொருந்தினா மூண்டு கோடி, இப்பவே!”

முன்பக்கப் பொனற்றைத் தூக்கினாள். உள்ளே எட்டுச் சிலிண்டர் எஞ்சின், பன்றி படுத்ததுபோல. குனிந்தாள். துடைத்தாள். வாசித்தாள்.

எண்கள் பொருந்தின. ஒவ்வொன்றாக!

அவள் அந்த எண்களை நீண்ட நேரம் பார்த்தாள். பல்லைக் கடித்தாள். நிமிர்ந்தாள்.

“பொருந்துது.”

மாஸ்ரரின் முகத்தில் நூறு வாட் பல்ப்! “பார்த்தீரோ? இனிக் கையெழுத்தைப் போட்டிட்டு நடவடி!”

“போட மாட்டன்.”

“என்ன?”

“அமெரிக்கப் புத்தகத்தில இருக்கிறது எல்லாம் சரி. ஆனா இது வன்னிக்க ஓடின கார். வன்னிக்காருக்கு ஒரு அடையாளம் இருக்கவேணும். அதைக் காணேல்லை.”

ரஜிதன் கிட்ட வந்தான். “என்ன அடையாளம்?”

“பொருளாதாரத் தடை நேரம் இஞ்சை பெற்றோல் இல்லை. கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில ஓடினது. ஆனா குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் மண்ணெண்ணெயில பத்தி ஸ்ரார்ட் ஆகாது. அதுக்காகச் சலைன் போத்தல் ஒண்டில கொஞ்சம் பெற்றோல் விட்டுத் தொங்கவிட்டு, அதில இருந்து இரண்டு துளி எஞ்சினுக்க விடவேணும். பத்தினோடனை குழாயைப் பூட்டவேணும். இல்லாட்டி ஒரு நாள் பெற்றோல் ஒரு நிமிசத்தில போயிடும்.”

“மை கோட்! சலைன் போத்தலோ?”

“ஓம். அப்பா அதுக்கெண்டே ஒரு பித்தளைக் குழாய் கடைஞ்சவர். ஒண்டே ஒண்டு. பக்கத்தில சிலுவை கீறினது. அரம் வழுக்கி ஒரு கை கட்டையாப் போச்சு. அதைத் திறந்து பூட்டுறது சின்னனில என்ர வேலை. அந்தக் குழாய் இருந்தா இது சீலா. இல்லாட்டி ஆரோ எங்கேயோ இருந்து கொண்டுவந்து மண் பூசின தகரம். நான் கையெழுத்து வைக்க மாட்டன்.”

வெளியே கௌசலாவின் அழுகை கேட்டது.

“மாஸ்ரர்...” ரஜிதன் தாடையைச் சொறிந்தான். “அது இருந்தா நல்லம். அங்க ஆக்களுக்குக் கார் மட்டும் காணாது, கதையும் வேணும். சலைன் போத்தல் கதை எண்டா விசர்பிடிச்சு வாங்குவாங்கள். இல்லாட்டி நான் நாளைக்கு ஃபிளைட்...”

“பொறும்! பொறும்!” மாஸ்ரர் கையை உயர்த்தினார். “அந்தச் சாமானோ? அது என்னட்ட இருக்கு!”

எஸ்.ஐ.யின் கோப்பை வாயருகே நின்றது.

மாஸ்ரர் வீட்டுக்குள் ஓடினார். அலுமாரி திறக்கும் சத்தம். லாச்சி இழுக்கும் சத்தம். மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“இந்தா!”

அவருடைய உள்ளங்கையில் பித்தளைக் குழாய். பக்கத்தில் சிலுவை. ஒரு கை கட்டை!

ஜெயரூபினி அதைத் தொடவில்லை.

“இது உங்களிட்ட எப்ப வந்தது மாஸ்ரர்?”

“எப்ப வந்ததோ? கார் தோண்டின அண்டைக்கு நானே என்ர கையால கழட்டி வச்சனான். இரண்டு மாசமா அலுமாரிக்கதான் கிடக்கு!”

“வேற ஒருத்தரும் தொடேல்லையோ?”

“என்ர அலுமாரியை ஆரடி தொடுறது? திறப்பு என்ர இடுப்பில!”

“சேர்” என்றாள் அவள், திரும்பாமலே. “கேட்டியளோ?”

பிரதீபன் எழுந்தார். கோப்பையை மெதுவாகக் கதிரையில் வைத்தார். ஜெயரூபினி காலையில் கொடுத்திருந்த கைபேசியை நீட்டினார்.

“மாஸ்ரர், இந்தப் படத்தைப் பாருங்கோ. நேற்றுப் பின்னேரம் நாலு நாப்பது. இது சஜீவன்ர கை. இரண்டு மாசமா உங்கட அலுமாரிக்க பூட்டிக் கிடந்த சாமான், நேற்று எப்பிடி அவன்ர கைக்கு வந்தது? அவன் செத்தாப் பிறகு எப்பிடித் திரும்ப உங்கட அலுமாரிக்க போனது?”

மாஸ்ரரின் வாய் திறந்தது. மூடியது. சீலா மீன் கரையில் கிடந்து திறந்து மூடுவதுபோல!

“அது... அவன்... நேற்று என்னட்டத் தந்தவன்...”

“மாஸ்ரர்! விடையை எழுதிக் குடுத்திட்டுப் பிறகு வெட்டி எழுதினா புள்ளி இல்லை. நீங்கள்தானே படிப்பிச்சிருப்பியள்!” என்றார் எஸ்.ஐ.

“அந்த நாய்!” மாஸ்ரர் வெடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. “நான் காசு தாறன் எண்டனான்! பத்து லட்சம் தாறன், அதைத் தந்திட்டு வாயை மூடு எண்டனான்! பெக்கோ ஓட்டுறவனுக்குப் பத்து லட்சம் காணாதோ? ‘வேண்டாம் மாஸ்ரர், உரிய பிள்ளையிட்டக் குடுக்கப்போறன், எல்லாத்தையும் சொல்லப்போறன்’ எண்டு... எனக்கே நியாயம் படிப்பிக்கிறான்! எனக்கு!”

“அதுக்கு அலவாங்கால அடிச்சனீங்களோ?”

மாஸ்ரர் சொன்னதே போதுமாக இருந்தது.

கௌசலா படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அழுகை நின்றிருந்தது. மாஸ்ரரின் முன்னால் வந்து நின்று அவருடைய வெள்ளைச் சேட்டில் காறித் துப்பினாள்.

விலங்கு பூட்டப்பட்டது. ஜீப்பில் ஏற்றும்போது ஜெயரூபினி பக்கத்தில் போனாள்.

“மாஸ்ரர், பதினாலு வருசத்துக்கு முந்தி ஒரு கேள்வி கேட்டனீங்கள். எனக்கு என்ன தெரியும் எண்டு. விடை போதுமோ... இன்னும் ஒரு பக்கம் எழுதட்டோ?”

மாஸ்ரர் நிலத்தைப் பார்த்தார்.

எஸ்.ஐ. கைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். “ஓம், அந்த அனிஸ்ரனை வெளியால எடுத்து இருத்துங்கோ. ஒரு தேத்தண்ணியும் குடுங்கோ. சூடா!”

கொட்டிலுக்குள் ரஜிதன் இன்னும் நின்றான். காரைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு!

“அக்கா, செம சீன்! சரி, கார் உங்கட அப்பாவின்ரை எண்டா உங்களிட்டயே வாங்கிறன். நாலு கோடி. யோசிச்சுப் பாருங்கோ... புதைச்ச கார், சலைன் போத்தல், இப்ப ஒரு கொலையும் சேர்ந்திட்டுது. அங்க ஏலத்தில விலை எங்கையோ போகும்!”

அவளுக்குள் ஏதோ ஒன்று சூடேறி, பத்தியது. இரண்டு துளி பெற்றோல்கூடத் தேவைப்படவில்லை.

“அங்க ஒருத்தி புருசனைக் குடுத்திட்டு நிக்கிறாள். உமக்கு அது விலையோ?”

“பிஸ்னஸ் அக்கா... ஐ மீன்...”

“வாரும். இஞ்சை வந்து பாரும். இந்த எஞ்சினைப் பாரும்.”

“அதுதான் நம்பர் பொருந்துது எண்டு நீங்களே சொன்னியள்!”

“நம்பர் பொருந்துது எண்டுதான் சொன்னனான். எஞ்சின் காரின்ரை எண்டு சொன்னனானோ? அப்பா தொண்ணூற்றி நாலிலேயே சீலாவின்ர எஞ்சினைக் கழட்டிப்போட்டார். எட்டுச் சிலிண்டர், மண்ணெண்ணெயைக் குடம் குடமாக் குடிக்குது எண்டு. பழைய மொறிஸ் கார் எஞ்சின் ஒண்டைத்தான் இதுக்க பூட்டி ஓட்டினவர். யானைக்குப் பூனையின்ர இருதயம்! சஜீவன் தோண்டேக்க இதுக்க கிடந்தது அந்த மொறிஸ் எஞ்சின். அவன் எனக்குச் சொல்லவேணும் எண்ட மற்ற விசயம் அதாத்தான் இருக்கும்.”

“அப்ப... இது?”

“கொழும்பில எங்கேயோ வாங்கின எஞ்சின். மாஸ்ரர் புதுசா நம்பர் வெட்டுவிச்சது. வெட்டுக்க இன்னும் இரும்பு மினுங்குது பாரும். பதினாறு வருசம் மண்ணுக்க கிடந்த இரும்பு மினுங்குமோ?”

ரஜிதன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது மொறிஸ் எஞ்சின்போல இருமினான்.

“உண்... உண்மையான எஞ்சின் எங்கை?”

“பெரியப்பாவின்ர வள்ளத்தில பூட்டினது. சுனாமி வள்ளத்தோட சேர்த்துக் கொண்டுபோயிட்டுது. முல்லைத்தீவுக் கடலுக்கடியில கிடக்கு. சீலாவெல்லோ... கடலுக்குப் போய் இருபது வருசம்! கார் இனி வழக்குப் பொருள். எஞ்சினை வேணுமெண்டா எடுக்கலாம். நீர் சுழியோடுவீரோ?”

ரஜிதன் அவளைப் பார்த்தான். காரைப் பார்த்தான். கறுப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினான். தன்னுடைய வான் வண்டியில் ஏறினான், கதவை இழுத்துச் சாத்தினான், கௌசலாவைத் தாண்டி, ஜீப்பைத் தாண்டி, படலையைத் தாண்டிப் போய்விட்டான்.

நடுவீதியில் மாடு படுத்திருந்தது... அதற்குக்கூட ஹோர்ன் அடிக்கவில்லை!